பெரட்டில் விழுந்த சேர்வர்

சேர்வர் முதல் தடவை விழுந்த அன்று காலை, சபைத் தலைவர் கந்தப்பன் துரை அதைப் பிரம்பால் நான்கு அடி அடித்தார். அது எழும்பவில்லை. ஐந்தாவது அடியில் பிரம்பு முறிந்தது. முப்பத்தொரு வருடம் தோட்டங்களை நடத்தி ஓய்வுபெற்ற மனிதர் அவர். தன் அடிக்கு எழும்பாத ஒன்றை அதுவரை அவர் பார்த்ததில்லை. முறிந்த பிரம்பைப் பார்த்தார், சேர்வரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விஜிதரனின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். யாராவது ஒருவருக்கு வலித்தால்தான் விசாரணை தொடங்கிவிட்ட திருப்தி அவருக்கு வரும்.

"யார்ரா இத கெடுத்தது?"

"ஒருத்தரும் கெடுக்கலீங்க தொர. புது வேர்ஷன் போட்டதுக்கு அப்புறம்தான்..."

"வேர்ஷனுக்குக் கை கால் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அது எப்புடிடா கெடுக்கும்? கை கால் உள்ளவன்தான் கெடுப்பான். ஆளத் தேடு."

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் மாதம், மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை. நுவரெலியாவில் பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் மலைநாட்டு லயக் குடியிருப்புப் பாதுகாப்புச் சபை இருந்தது. லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்புக் கண்டால், அங்கே குடியிருப்பவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு விலகிப் போக அனுமதிப் பத்திரம் கொடுப்பது சபையின் வேலை. வேறு வேலை அதற்குக் கிடையாது. மண் சரிவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை; மனிதர் விலகுவதற்கு மட்டும் தேவை. மண்டபங்களில் சபையின் பூட்டுத் தொங்கும். பத்திரமில்லாமல் பூட்டைத் தொட்டவர்களைக் கவனித்துக்கொள்ளச் சபைக்கென்று ஒரு பாதுகாப்புப் பிரிவும், அதை நடத்த ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவரும் இருந்தார்கள்.

விஜிதரன் அங்கே கணினி உதவியாளன். லிந்துலைப் பக்கம் சங்குமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்தில் பிறந்தவன். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். தாய்மாமன் வீரய்யாவும் அத்தை ராசம்மாவும்தான் கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டி, அவனை அட்டனுக்கு அனுப்பிக் கணினி படிக்க வைத்தார்கள். மூன்று வருடமாகத் தற்காலிக ஊழியன். நிரந்தர நியமனக் கடிதம் அடுத்த மாதம் வரும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு கடிதத்துக்காக எத்தனை அறை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றுதான் அவன் அன்றைக்கு நினைத்தான்.

சபையின் இணையத்தளம் மூன்று வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் பத்திரம் வரும். அதுதான் அதன் குற்றமாகிப் போனது. கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போன கந்தப்பன் துரையிடம் வேறொரு சபையின் தலைவர், "நாங்கள் இப்போது இரண்டாவது வேர்ஷனில் இருக்கிறோம்" என்று தேநீர் குடித்தபடி சொல்லிவிட்டார். திரும்பி வந்த துரை வாசலிலேயே நின்று, நாம் எத்தனையாவது என்று கேட்டார். முதலாவது என்று பதில் வந்ததும் மேசையிலிருந்த கண்ணாடியைக் குத்தி உடைத்தார். கையில் ஏழு தையல். அந்தக் கட்டோடுதான் அவர், தளத்தைத் தாங்கும் மென்பொருள் சட்டகமான ஃப்ரேம்வேர்க்கை மாற்றும் உத்தரவில் கையெழுத்து வைத்தார்.

மாற்றுவதற்குக் கொழும்பிலிருந்து றமணன் என்ற நிபுணர் வந்தார். வேறொரு கணினியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இதில் போடலாம் என்று அந்த மனிதர் பணிவாகச் சொன்னார். சோதித்துப் பார்ப்பது நம்பிக்கை இல்லாதவன் வேலை என்று துரை சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தேங்காய் உடைத்தபோது சிரட்டை தெறித்து ஒரு கிளாக்கருக்கு நெற்றி பிளந்தது. இரத்தம் கண்டது நல்ல சகுனம் என்று கைதட்டினார்கள். இனிக் கையால் எழுதும் பழக்கம் எவனுக்கும் வரக்கூடாது என்று, பழைய கையெழுத்துப் பத்திரப் புத்தகங்கள் அத்தனையையும் புல்தரையில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பியூன் சின்னத்தம்பி ஒரு புத்தகத்தைக் காப்பாற்றப் போய் உள்ளங்கை வெந்து நின்றான். நிபுணர் புது ஃப்ரேம்வேர்க்கைப் போட்டுவிட்டு, அதன் தடித்த கைநூல் ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறு முப்பத்தேழுக்குச் சேர்வர் விழுந்தது.

ஆறரை மணிக்கு அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதுதான் பெரட்டு. தோட்டத்தில் விடிந்ததும் தொழிலாளர் வரிசையில் நின்று பேர் கொடுப்பார்கள். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலை இல்லை, நேரத்துக்கு முன் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. துரை இந்த ஒழுங்கை இணையத்தளத்துக்கும் கொண்டுவந்திருந்தார். நூற்று நாற்பத்து மூன்று தோட்டங்களின் நலன்புரி உத்தியோகத்தர்களும் சரியாக ஆறரைக்குத் தளத்தைத் திறந்து பேர் கொடுக்க வேண்டும். மாலை நாலரை வரைக்கும் வெளியே போகக்கூடாது. வெளியேறும் பொத்தானையே எடுத்துவிட்டிருந்தார்கள். நாள் முழுவதும் அவர்கள் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. நின்றால் போதும்.

பழைய வேர்ஷன் இந்த நூற்று நாற்பத்து மூன்று பேரையும் பெரிதாகச் சட்டை செய்ததில்லை. ஆள் வந்து பேரைச் சொன்னதும் தரவுத்தளத்தின் கதவைத் திறந்து எழுதிக்கொண்டு மூடிவிடும். புது வேர்ஷனோ, வேகம் வேண்டும் என்பதற்காக, ஆள் போகும்வரை அவனுக்கென்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கும். கதவுகள் மொத்தம் நூறு. இங்கேதான் எவனும் போகமாட்டானே. நூற்றோராவது தோட்டம் பேர் கொடுக்க வந்ததும் நெரிசல் பிடித்து, மூச்சு முட்டி, சேர்வர் மண்ணைக் கவ்வியது.

விழுந்ததை உடனே தூக்கிவிட்டால் பழகிப்போய்விடும் என்பது துரையின் கொள்கை. ஆகவே மறுநாள் பெரட்டு வரைக்கும் அதைத் திரும்ப இயக்கக்கூடாது என்று உத்தரவு. பத்திரம் அச்சடிப்பதோ எட்டரைக்கு அலுவலகம் திறந்த பிறகுதான். ஆறு மணிக்கு எழுந்து ஆறு முப்பத்தேழுக்கு விழுகிற சேர்வரிடமிருந்து எட்டரை மணிக்குப் பத்திரம் எப்படி வரும்?

செவ்வாய்க்கிழமை கணினிகளுக்கே பெரட்டு வைத்தார்கள். எல்லா இயந்திரங்களையும் நடுக்கூடத்தில் வரிசையாக அடுக்கி, செயலாளர் ஜெயரத்தினம் பதிவிலக்கம் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் சின்னத்தம்பி வெந்த கையைத் தூக்கி "இருக்கேங்க" என்று பதில் சொன்னான். சேர்வரின் இலக்கம் வந்தபோது அவனுக்கு இருமல் வந்து குரல் தாழ்ந்துவிட்டது. துரை அவன் காதைப் பிடித்துத் திருகினார். அன்றைக்கும் சேர்வர் ஆறு முப்பத்தேழுக்கு விழுந்தது.

அன்று பகல் விஜிதரன் கதவைச் சாத்திக்கொண்டு சேர்வரின் லொக் கோப்பைத் திறந்து பார்த்தான். விழும்போது சேர்வர் தானே எழுதிவைத்த குறிப்பு அதில் இருந்தது. இரண்டு நாளும் கடைசி வரி ஒன்றுதான்: இணைப்புகள் நூறும் தீர்ந்துவிட்டன. அவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஓட்டமாகச் செயலாளரிடம் போனான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாக இந்த மலையில் குளிருக்குப் பயந்து மஃப்ளர் சுற்றிக்கொண்டிருந்த மனிதர் ஜெயரத்தினம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப தம்பி, பெரட்டாலதான் விழுகுது எண்டு சொல்லுறீர்."

"பெரட்டும் புது வேர்ஷனும் சேர்ந்து சேர். செட்டிங் கோப்புல ஒரே ஒரு வரி. அத மாத்துனா பெரட்டையும் நிப்பாட்டத் தேவல்ல."

"ஒரு வரி மாத்தவேணும் எண்டால் அந்த வரி பிழை எண்டு ஆகும். வரி பிழை எண்டால் போட்ட வேர்ஷன் பிழை. வேர்ஷன் பிழை எண்டால் அதில கையெழுத்து வச்ச துரை பிழை. விளங்குதோ?" அவர் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "நான் இருவது வருசமா ஒரு பிழையும் விடேல்ல. ஏனெண்டு கேளும். ஒண்டும் செய்யேல்ல. எழுத்தில உத்தரவு வராமல் அதில கை வச்சிடாதேயும். அடுத்த மாசம் உமக்குக் கடிதம் வரவேணும் எல்லோ."

விஜிதரன் திரும்பி வந்து உட்கார்ந்தான். கடவுச்சொல் அவனிடம் இருந்தது. கோப்பைத் திறந்தான். கதவுகளைத் திறந்தே வைக்கச் சொல்லும் அந்த வரி கண் முன்னால் இருந்தது. 'ஆம்' என்றிருந்ததை 'இல்லை' என்று மாற்றினான். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி 'ஆம்' என்று ஆக்கிக் கோப்பை மூடினான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

மாலை மூன்று மணிக்கு வீரய்யா லிந்துலைக் கடைத்தெருவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்ள, நம்ம லயத்துக்கு மேல மலையில நேத்து வெரல் போற அளவுக்கு வெடிச்சிருந்திச்சு. இன்னைக்குக் கை போவுது. இருவத்திரெண்டு குடும்பத்துக்கும் பத்திரம் கேட்டு வெள்ளிக்கெழமையே எழுதிட்டோம். எப்ப வரும்?"

"சேர்வர் விழுந்து கெடக்கு மாமா. பத்திரத்த விடுங்க. பூட்ட ஒடச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க."

"நீ சொல்லிப்புடுவ. அடி வாங்குனது நானு."

அது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல் மழையில், பத்திரம் வருமுன்னே வீரய்யா நாலு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். சபையின் பாதுகாப்புப் பிரிவு ஜீப்பில் வந்து அவரைப் பெரட்டுக்களத்தில் போட்டு, எல்லார் முன்னாலும் இடது முழங்காலை அடித்து நொறுக்கியது. மண் அந்த முறை சரியவில்லை. ஆகவே அடித்தது சரி என்று ஆகிவிட்டது.

"பத்திரத்த கையில வாங்காம நா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன், மாப்ள. நீதான் அங்கன இருக்கியே. பாத்து அனுப்பு" என்று சொல்லி வீரய்யா தொலைபேசியை வைத்தார்.

புதன்கிழமை, சேர்வர் விழுகைக்கான காரணத்தைக் கண்டறியும் விசேட குழு கூடியது. ஏழு உறுப்பினர்கள். கணினியைத் தொட்ட பாவம் ஒருவர்மேலும் இல்லை. றமணனைக் கொழும்பிலிருந்து மறுபடி வரவழைத்திருந்தார்கள். விஜிதரன் தேத்தண்ணீர்த் தட்டோடு சுவரோரம் நின்றான். கந்தப்பன் துரை எழுந்து பேசினார்.

"நா தோட்டம் நடத்துனப்ப மலையில ஒருத்தன் விழுந்தா, நிக்கிறவங்களத்தான் அடிப்பேன். ஏன்? விழுந்தவன அடிச்சா அவன் செத்துப்போவான், நமக்குக் கரச்சல். நிக்கிறவன அடிச்சா அவன் இன்னும் நல்லா நிப்பான். இதுதான் நிர்வாகம். முப்பத்தொரு வருஷத்துல என் தோட்டத்துல வேல நேரத்துல ஒருத்தன்கூட விழுந்ததா ரெக்கோட் கெடயாது. விழுந்தவன் பேர அன்னைக்கே செக்ரோல் புத்தகத்துல வெட்டிருவேன். வெட்டுனப்புறம் அவன் எங்க விழுந்தா என்னா?"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். சத்தம் அடங்கியதும் றமணன் தொண்டையைச் செருமினார்.

"சேர், ஒரு வழி இருக்கு. பழைய வேர்ஷனுக்குத் திரும்பிப் போகலாம். பத்து நிமிஷ வேலை. பிறகு ஆறுதலாக் காரணத்தைப் பாப்பம். உண்மையில காரணம்கூட உங்கட கணினிப் பெடியனுக்குத் தெரியும் எண்டு நினைக்கிறன். கேட்டுப் பாருங்கோ."

"திரும்பிப் போறதா?" என்றார் துரை. மிக அமைதியாகக் கேட்டார். பிறகு முன்னாலிருந்த பித்தளைக் கடுதாசிப்பாரத்தை எடுத்து வீசினார். அது நிபுணரின் வாயில் பட்டது. முன்பல் ஒன்று தேத்தண்ணீர்த் தட்டில் வந்து விழுந்தது. விஜிதரன் தட்டைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டான். போட்டிருந்தால் அதற்கும் ஒரு விசாரணை வந்திருக்கும்.

அதோடு கூட்டம் சூடு பிடித்தது. இந்த வேர்ஷனை முதலில் ஆதரித்தது யார் என்று ஒரு உறுப்பினர் கேட்க, மற்றவர் அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். நாற்காலி ஒன்று ஜன்னலுக்கு வெளியே போனது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரின் காதைக் கடித்துவிட்டார். இழுத்துப் பிரிக்கப் போன சின்னத்தம்பிக்கு இரண்டு பக்கமும் விழுந்தது. கூட்டக் குறிப்பில் ஜெயரத்தினம், 'ஆக்கபூர்வமான கருத்துப் பரிமாற்றம் இடம்பெற்றது' என்று அழகாக எழுதிக்கொண்டார்.

முடிவில் தீர்மானம் ஒன்று நிறைவேறியது. உத்தியோகத்தர்கள் ஒழுங்காகப் பேர் கொடுக்காதபடியால்தான் சேர்வர் பலவீனப்பட்டுப் போயிற்று; ஆகவே நாளை முதல் ஒவ்வொருவரும் இரண்டு தடவை பேர் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை சேர்வர் ஆறு முப்பத்து மூன்றுக்கே விழுந்தது.

எட்டரைக்கு விஜிதரனை விசாரணைக்கு அழைத்தார்கள். குற்றப்பத்திரம் தயாராக இருந்தது. ஒன்று, அதிகாரமில்லாமல் லொக் கோப்பை வாசித்தமை. இரண்டு, அதை விளங்கிக்கொண்டமை. மூன்று, விளங்கியதைப் பிறருக்குச் சொன்னமை.

"நா வாசிக்கலேன்னா எப்புடீங்க காரணம் தெரியும்?" என்று அவன் கேட்டான்.

"அதுதான் தம்பி பிரச்சினை" என்றார் ஜெயரத்தினம் வருத்தத்தோடு. "நீர் வாசிக்கும் வரைக்கும் காரணம் எண்டு ஒண்டு இங்க இருக்கேல்ல. இப்ப இருக்குது. ஆரோ ஒருத்தர் அதுக்குப் பொறுப்பெடுக்க வேண்டி வந்திட்டுது. துரை எடுக்கேலாது. நான் எடுக்கேலாது. நீர் இன்னும் நிரந்தரமாகேல்ல."

துரை நாசவேலை என்ற சொல்லை முதல் தடவையாக உச்சரித்தார். போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடத்தில், ஒரு தமிழ்ப் பெடியனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பிறகு மேலதிக விளக்கம் ஒன்றும் தேவைப்படாது. சார்ஜன்ட் அவனைக் களஞ்சிய அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டார்.

"மல்லி, நம்மகிட்ட கோவிக்க வேணாங்" என்றார் சார்ஜன்ட், தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லும் தன் தமிழில். "நமக்கு இது டியூட்டி. காயம் வரக்கூடாது சொல்லி துரை சொல்லியிருக்கு."

காயம் வராமல் அடிக்க ஒரு தடித்த புத்தகம் வேண்டும். அறையைச் சுற்றிப் பார்த்த அவர், புது ஃப்ரேம்வேர்க்கின் கைநூலைக் கண்டுபிடித்தார். தொள்ளாயிரம் பக்கம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதை விஜிதரனின் விலாவில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே குண்டாந்தடியால் அடிக்கத் தொடங்கினார். நூறு இணைப்புச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்ற விளக்கம் அந்தப் புத்தகத்தின் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஒவ்வோர் அடியும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் அவன் எலும்புக்கு வந்தது. அந்த அலுவலகத்தில் அந்த நூல் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

தோலில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இரண்டு விலா எலும்பு வெடித்திருந்தது. கையில் பணிநிறுத்தக் கடிதத்தைக் கொடுத்து வெளியே தள்ளினார்கள். ஒரு வரி மாற்றுவதற்கு வராத எழுத்து உத்தரவு, இதற்கு மட்டும் மூன்று பிரதிகளில் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவன் ஊருக்குப் போனான். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய்த் திரும்பியது. லிந்துலையில் இறங்கி, கொட்டுகிற மழையில் மேலே நடந்தான். தேயிலைக்குள் ஓடிவந்த தண்ணீர் சேறாக இருந்தது. லயத்தில் கதவுகள் நிலையோடு இறுகித் திறக்க மறுத்தன, சுவர்கள் கோணியிருந்தன. மேலே மலையின் வெடிப்புக்குள் இப்போது ஓர் ஆள் இறங்கலாம். இருபத்திரண்டு குடும்பமும் மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளைப் படங்குத்துணியால் மூடிக்கொண்டு, பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றது. நாலு நாளாகப் பத்திரத்தை எதிர்பார்த்து அப்படித்தான் நின்று நின்று வீட்டுக்குப் போகிறார்களாம்.

"பத்திரம் கொண்டாந்தியா விஜி?" என்று கொழுந்து பறிக்கும் ராக்காயி கேட்டாள்.

"இல்லக்கா. அலவாங்கு இருந்தா குடுங்க."

அவள் எடுத்து வந்து கொடுத்தாள். பள்ளிக்கூடம் எதிர் மேட்டில் இருந்தது. விஜிதரன் சபையின் பூட்டில் அலவாங்கின் இரும்பு முனையை மாட்டி நெம்பினான். முதல் நெம்பில் அவனுடைய விலாவுக்குள் ஏதோ முறிந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் பூட்டுத் தெறித்தது. வாயில் வந்த இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கதவைத் திறந்தான். சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராக்காயி முதலில் உள்ளே போனாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

வீரய்யா வரவில்லை. லயத்தில் தன் வீட்டு வாசற்படியில், வளையாத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராசம்மா பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. பூட்ட நாந்தான் ஒடச்சேன். அடிச்சா என்னத்தான் அடிப்பாங்க."

"ஒன்னயும் அடிச்சிட்டாங்கன்னு நீ நிக்கிற நெலயிலயே தெரியுது. இன்னொரு காலும் போச்சுன்னா ஒங்கத்த என்னா செய்வா?" வீரய்யா ஊன்றுகோலை மடியோடு சேர்த்துப் பிடித்தார். "ராசம்மா, நீ போ. போயி மத்தவங்களோட இரு. பத்திரம் வந்தா வாங்கிட்டு வா, நா வாறேன்."

அவள் அழுதுகொண்டே போனாள். விஜிதரன் குனிந்து அவரைத் தூக்கப் பார்த்தான். வீரய்யா ஊன்றுகோலால் அவனை அடித்தார். பயத்தில் அடித்த அடி. சார்ஜன்ட் அடித்த அதே இடத்தில் விழுந்தது. விஜிதரனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தனியே முடியாது என்று தெரிந்து, ஆள் கூப்பிட மேட்டுக்கு ஓடினான். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் திரும்பியபோது பதினொன்றரை மணி இருக்கும். பாதி வழியில் சத்தம் கேட்டு நின்றார்கள். மலை ஒரு தரம் முனகியது. பிறகு தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் நின்றபடியே கீழே வந்தன. லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை.

விஜிதரன் கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

சனிக்கிழமை பகல் சபையின் ஜீப்புகள் மூன்று வந்தன. சேற்றுக்கு இந்தப் பக்கம் பெரட்டுக்களத்தில் மிச்சமிருந்த மேட்டில் ஏறி நின்று, கந்தப்பன் துரை ஒலிபெருக்கியைப் பிடித்தார். கீழே ஆண்கள் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்களுக்கெல்லாம் ஒரு சந்தோஷமான சேதி. இன்னைக்குக் காலையில நம்ம சேர்வர் விழல. ஆறரைக்கு நின்னிச்சு, ஏழுக்கு நின்னிச்சு, நா கெளம்பி வரும்போதும் நிக்குது. அடிக்கிற எடத்துல அடிச்சா எல்லாம் நிக்கும். சனிக்கெழமையின்னும் பாக்காம ஒங்க இருவத்திரெண்டு பத்திரத்தையும் அச்சடிச்சுக் கையோட கொண்டாந்திருக்கோம். இந்தச் சபை ஒங்கள எப்பவும் கைவிடாது."

விஜிதரனுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சரிந்த மண் தெருவையும் தொலைபேசிக் கேபிளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கிலும் அப்பாலும் நூறு தோட்டத்துக்குக் கிட்ட இணைப்பு இல்லை. மிஞ்சிய தோட்டங்கள் இரண்டு தரம் பேர் கொடுத்தும் நூறு தாண்டவில்லை. சேர்வரை நிமிர்த்தி வைத்தது, வீரய்யாமேல் விழுந்த மண்தான்.

ஜெயரத்தினம் சேற்றில் சப்பாத்துப் படாமல் கல்லில் நின்றபடி அவனை அழைத்தார்.

"தம்பி, உம்மட பணிநிறுத்தத்தை அரை மணித்தியாலத்துக்கு நீக்கியிருக்குது. இதுகளைக் குடுத்துப் போட்டுக் கையெழுத்து வாங்கியாரும். பூட்டு உடைச்ச விசாரணை திங்கக்கிழமை. பத்திரம் இண்டைக்குத் திகதியில எண்டபடியால், நேற்று நீர் உடைச்சது குற்றந்தான். நான் ஒண்டும் செய்யேலாது."

விஜிதரன் பத்திரக் கட்டை வாங்கிக்கொண்டு நடந்தான். மேலே இருந்தது வீரய்யாவின் பத்திரம். ராசம்மா மண் வெட்டுமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள்.

"என்னா அது?"

"பத்திரம் அத்த."

"யாரு பேர்ல?"

"மாமா பேர்ல."

அவள் அதை வாங்கவில்லை. "இத்தன நாளு ஏன் வரல?"

வேர்ஷன், இணைப்பு, பெரட்டு, குழு என்று சொல்வதற்கு அவனிடம் நிறைய இருந்தது. எல்லாமே உண்மை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அவனால் அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"ஒரு வரி மாத்தணும் அத்த. மாத்தியிருந்தா பொதங்கெழமையே வந்திருக்கும்."

"அத மாத்தத் தெரிஞ்சவன் யாரு?"

"நாந்தான்."

"தெரிஞ்சு ஏன் மாத்தல?"

"எழுத்துல உத்தரவு வரலத்த" என்றான் விஜிதரன். சொல்லும்போதே வெட்கத்தில் உடம்பு கூசியது. மாமா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்ன அதே காரணம். மாமாவுக்காவது கால் போயிருந்தது.

ராசம்மா எழுந்து அவன் முகத்தில் ஓங்கி அறைந்தாள். பத்திரங்கள் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தன. அந்த வாரம் முழுவதும் அடி வாங்கியவன், இதற்குத்தான் முதல் தடவையாக அழுதான்.

"தம்பி," என்று ஜெயரத்தினம் கல்லில் நின்றபடி குரல் கொடுத்தார். "கையெழுத்து வாங்கியாச்சோ? கைநாட்டு எண்டாலும் காரியமில்லை."

அத்தை மறுபடி கையை ஓங்கினாள். விஜிதரன் அசையாமல் நின்றான்.